இரவல் எண்ணில் வந்த வெள்ளம்

போன வாரம் நான் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கணினியை நடத்தும் அடிநிரலான கெர்னல் எழுந்ததும் தன் அடையாள எண்ணை எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்னப் பகுதியை மட்டும் ஏன் மூன்று பேர் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், மொத்தமே ஒரு பக்கம்கூட வராதே என்றார். சுற்றிலும் ஆட்கள் நின்றதால் ஏதோ பாதிப் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மனசு கேட்கவில்லை. மீதியை எழுதிவிடுகிறேன்.

இது நம் கம்பெனி தேனியில் ஒரு மோட்டார் பம்பு கடையின் மாடியில் நடந்த காலத்துக் கதை. கீழே பம்பை ஓட்டிக் காட்டினால் மேலே எங்கள் மேசை அதிரும். அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது நீர்மட்டப் பெட்டிகள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளிலும் ஆற்றிலும் ஒரு கோலை நட்டு, அதில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து, ரேடியோ வழியாகக் கால் மணிக்கு ஒருமுறை தேனிக்குச் சொல்லும் பெட்டி. சூரியத் தகடு, பேட்டரி, ஒரு ரேடியோ பலகை, உள்ளங்கை அளவில் ஒரு கணினி, அதில் நாங்கள் செதுக்கிச் சிறிதாக்கிய கெர்னல். அவ்வளவுதான். பள்ளத்தாக்கில் ஏழெட்டு இடங்களில் வைத்திருந்தோம். இந்தக் கதைக்கு மூன்றுதான் முக்கியம். ஒன்று, சுருளி அருவிக்கு மேலே காட்டுக்குள். இரண்டாவது, என் சொந்த ஊரான தேவாரத்துக்கு மேற்கே ஓர் ஓடையில். மூன்றாவது, வருசநாட்டுப் பக்கம் கடமலைக்குண்டு அருகே வைகையில்.

பெட்டி எழுந்திருக்கும்போது கெர்னல் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, 'நான் யார்' என்று தெரிந்துகொள்வது. ரேடியோ பலகையில் ஒரு சின்னச் சில்லு, அதாவது சிப், உண்டு. உலகத்தில் வேறு எந்தப் பலகைக்கும் இல்லாத ஓர் எண்ணை அதில் பதித்தே அனுப்புவார்கள். கெர்னல் அந்த எண்ணைப் படித்துத் தன் எண்ணாக வைத்துக்கொள்ளும். பிறகு அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் அந்த எண் இருக்கும். தேனியில் இருக்கும் எங்கள் கணினி எண்ணைப் பார்த்து, இது சுருளி, இது தேவாரம் என்று பிரித்து வைக்கும். எண்ணைத் தவிர அந்தச் செய்தியில் ஊரைக் காட்டும் வேறு ஒன்றும் கிடையாது.

அன்று புரட்டாசி அமாவாசை. மகாளய அமாவாசைக்குச் சுருளியில் எவ்வளவு கூட்டம் கூடும் என்று உங்களுக்குத் தெரியும். அருவியில் குளித்து, முன்னோருக்குத் திதி கொடுக்கச் சுற்றுப்பட்ட ஊரெல்லாம் வந்து இறங்கும். தேனியில் வெயில் அடித்தது. ஆனால் முந்தைய நான்கைந்து நாட்களாக மலைமேல் மூட்டம் போட்டே கிடந்தது. வெயில் இல்லாததால் மேலே இருக்கும் பெட்டிகளின் பேட்டரி இறங்கிக்கொண்டு வந்தது. காலையில் சுருளிப் பெட்டியிடமிருந்து செய்தி நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் தேவாரமும் நின்றது. மூட்டம் விலகியதும் தானே எழுந்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

என்னோடு வேலை பார்த்த செல்வம் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, கடமலைக்குண்டுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. இங்கன வந்து பாருங்க."

பார்த்தேன். தண்ணீர் அளவைக் காட்டும் கோட்டுப் படம் ரம்பத்துப் பல் மாதிரி மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது. ஒரு செய்தியில் தண்ணீர் கணுக்கால் அளவு. அடுத்ததில் முழங்கால். மறுபடி கணுக்கால். பிறகு முழங்காலுக்கு மேலே.

"கோலு ஆடுது போல. நாளைக்கு ஆளனுப்பி இறுக்கச் சொல்லுவோம்" என்றான் செல்வம்.

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு குரங்கு கோலைப் பிடித்து ஆட்டி, பெட்டி வெள்ளம் என்று அலறி, அதிகாரிகள் ஜீப்பில் ஓடிப்போய்க் காய்ந்த ஓடையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அந்த அவமானம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் நான் அப்படியே விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்று விட்டு ஒன்றாகப் புள்ளிகளைப் பார்த்தேன். கீழே இருந்த புள்ளிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் அசையாமல் நின்றன. மேலே இருந்தவை கொஞ்சம் கொஞ்சமாக, படி ஏறுவதுபோல, ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தன. ஆடுகிற கோல் இப்படி ஒழுங்காக ஏறாது. குரங்குக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது. அதோடு, கால் மணிக்கு ஒன்று வர வேண்டிய செய்தி இரண்டாக வந்துகொண்டிருந்தது.

கடமலைக்குண்டில் கோலுக்குப் பக்கத்திலேயே தோட்டம் வைத்திருந்த ஒருவர் பெட்டிக்குக் காவல் பார்த்துக்கொண்டார். அவருக்குப் போன் செய்தேன்.

"ஆத்துல தண்ணி கூடியிருக்காண்ணே?"

"எங்கிட்டு கூடுறது? ஓரமா ஒரு கோடு கணக்கா ஓடுது. மணலு காலைச் சுடுதும்மா."

அப்படியானால் கீழே நிற்கும் புள்ளிகள்தான் கடமலைக்குண்டு. மேலே ஏறுகிற புள்ளிகள் வேறு யாரோ.

"செல்வம், சில்லுலருந்து எண் கிடைக்கலைன்னா கெர்னல் என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ரேடியோ பலகை விற்றவர்கள் கொடுத்த மாதிரி நிரலைத்தான் நாங்கள் கெர்னலில் சேர்த்திருந்தோம். அதைத் திறந்து விரலை வைத்துக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போனான். ஓரிடத்தில் விரல் நின்றது. சில்லிடம் எண்ணைக் கேள். ஒரு கணம் பொறு. பதில் வராவிட்டால் இந்த எண்ணை வைத்துக்கொள் என்று அங்கே ஓர் எண்ணையே எழுதி வைத்திருந்தார்கள். செல்வம் அதை வாய்விட்டுப் படித்தான். நான் திரையில் கடமலைக்குண்டின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இலக்கமும் அப்படியே பொருந்தியது.

எப்படி என்று அப்புறம்தான் விளங்கியது. விற்றவர்கள் எங்களுக்கு முதலில் சோதனைக்கு என்று ஒரு பலகை கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய நிரலில் எழுதியிருந்தது அந்தப் பலகையின் எண். மழைக்காலத்துக்குள் வேலையை முடித்துத் தர வேண்டிய நெருக்கடியில், சோதனைப் பலகையையும் வீணாக்க வேண்டாம் என்று ஒரு பெட்டியில் போட்டுக் கடமலைக்குண்டில் வைத்தாயிற்று. பேட்டரி நன்றாக இருக்கும்வரை எல்லாப் பெட்டியின் சில்லும் கேட்டவுடன் பதில் சொல்லிவிடும். பேட்டரி இறங்கினால் சில்லு மெதுவாகக் கண் திறக்கும். கெர்னல் பொறுக்காது. இரவல் எண்ணை எடுத்துக்கொண்டு, நான்தான் கடமலைக்குண்டு என்று பேச ஆரம்பித்துவிடும்.

காலையில் பேச்சு நின்றவை இரண்டு பெட்டிகள். இரண்டில் ஒன்று மறுபடி எழுந்து, தப்பான பெயரில், தண்ணீர் ஏறுகிறது ஏறுகிறது என்று கத்திக்கொண்டிருந்தது. அது சுருளியா, தேவாரமா?

தண்ணீர் ஏறுவது சுருளிக்கு மேலே என்றால், கீழே அருவியில் ஆயிரக்கணக்கான சனம் நிற்கிறது. தேவாரம் என்றால், ஓடைக்குள் என் அண்ணனின் செங்கல் சூளைக்கு மண் எடுக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். அண்ணனும் அங்கேதான் இருப்பார்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. தேவாரத்தில் நட்டிருந்த கோல் குட்டை. இடுப்பு உயரத்துக்கு மேல் அதனால் அளக்க முடியாது. வருகிற அளவு இடுப்பைத் தாண்டிவிட்டால் அது நிச்சயம் சுருளிதான். கடைசியாக வந்தது தொடை அளவு. இன்னும் ஒரு செய்தி, அல்லது இரண்டு செய்தி வந்தால் தெரிந்துவிடும். செல்வமும் அதைத்தான் சொன்னான்.

"அக்கா, அடுத்தது வரட்டும். உறுதியாத் தெரிஞ்சபெறகு சொல்லுவோம். மறுபடியும் குரங்குக் கதை ஆச்சுன்னா நம்மள ஒருத்தரும் நம்பமாட்டாக."

சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே பம்பு ஓடி மேசை அதிர்ந்தது.

முதலில் வெள்ளக் கட்டுப்பாட்டு அறை அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. திரையில் வந்ததை நான் சொன்னதும் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எந்த ஓடையில தண்ணி ஏறுதும்மா?"

"சுருளி, இல்லைன்னா தேவாரம் சார்."

"உங்க திரையில கடமலைக்குண்டுன்னு வருதுன்னு சொன்னீங்களே?"

"அது அந்தப் பேருல வருது சார். ஆனா அது இல்ல."

அதற்கு அவர் சொன்னார்: "அம்மா, போன மாசம் குரங்கு ஆட்டினதுக்கே என்னை மேல கேட்டாக. இன்னைக்கு அமாவாசை. வெள்ளம்னு ஒரு சொல்லு விழுந்தா அந்தப் பாறையில சனம் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்தே சாகும். எந்த எடம்னு உறுதியாச் சொல்லுங்க. உடனே செய்றேன்."

அவர் சொன்னது நியாயம். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. எதிரே பேசுகிறவர் அநியாயம் பேசினால் நமக்குக் கோபமாவது வரும்; கோபம் வந்தால் தைரியமும் கூடவே வரும். நியாயம் பேசுகிறவரிடம் ஒன்றும் செய்ய முடியாது.

போனை வைத்துவிட்டு நான் யோசித்ததை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக் கால் மணி ஆகும். ஆனால் எங்கே சேதம் அதிகமாகும் என்பது இப்போதே தெரியும். தேவாரத்து ஓடையில் நிற்கிறவர்கள் வயசுப் பிள்ளைகள். ஒரு குரல் கொடுத்தால் கரை ஏறிவிடுவார்கள். அருவியில் நிற்பவர்கள் கிழடு கட்டைகள், கைப்பிள்ளைக்காரிகள். வழுக்குப் பாறையில், ஈரச் சேலையோடு நிற்கிறார்கள். அவர்கள் ஏறுவதற்குத்தான் நேரம் வேண்டும். அதனால் இந்த இரண்டு இடத்தில் முதல் போன் அங்கேதான். இப்படி நினைத்து முடித்தபோது என் விரல், தானாக, அண்ணன் வீட்டு எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை அழுத்தியிருந்தது. அதைத் துண்டித்துவிட்டு, அருவிக்குக் கீழே இருந்த வனத்துறைச் சாவடிக்கு அடித்தேன்.

அங்கே நாகராஜ் என்று ஒரு காவலர். பெட்டி வைக்கப் போனபோது காட்டுக்குள் எங்களைக் கூட்டிப்போனவர்.

"என்ன மேடம் சொல்றீக? இங்கன வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. சனம் அம்புட்டும் குளிச்சுக்கிட்டு இருக்காக. என்னன்னு சொல்லி ஏத்துவேன்?"

"நாகராஜ், எனக்கும் உறுதியாத் தெரியாது. மேல தண்ணி ஏறியிருக்கலாம்னு நெனைக்கிறேன். தப்பாப் போச்சுன்னா நான் சொன்னேன்னு என் பேரைச் சொல்லுங்க. ஆனா வெள்ளம்னு மட்டும் கத்திராதீக. சனம் மிதிபட்டுச் செத்துரும்."

நாகராஜ் மறு கேள்வி கேட்கவில்லை.

"சரி. ஐயருங்கள எறக்கிருவோம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். பிறகு தெரிந்தது. அவர் அருவிக்குப் போகும் வழியில் கயிற்றைக் கட்டிப் புது ஆட்களை நிறுத்திவிட்டு, திதி கொடுத்துவைக்க உட்கார்ந்திருந்த ஐயர்களிடம் போய், மேலே பாறை சரியுதுன்னு பேச்சு, எல்லோரும் கீழே கரை மேட்டு மண்டபத்துக்குப் போயிருங்க என்று காதோடு சொல்லியிருக்கிறார். அவர்கள் தர்ப்பையையும் தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்ததும், பின்னாலேயே குடும்பம் குடும்பமாகச் சனம் எழுந்து நடந்திருக்கிறது. எள்ளும் தண்ணியும் இறைக்க வந்தவர்களுக்கு ஐயர் எங்கேயோ அங்கேதானே வேலை. கடைசியாகக் குளித்துக்கொண்டிருந்த இளவட்டங்களை மட்டும் விசில் ஊதித் தடியைக் காட்டி ஏற்றியிருக்கிறார்கள். ஒரு தள்ளுமுள்ளு கிடையாது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தேனியில் எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த போன் அண்ணனுக்கு.

"ஆத்தா, இங்கன ஓடையில புழுதி பறக்குது. நீ என்ன பேசுற?"

"அண்ணே, ஆளுகள மேல ஏறச் சொல்லுங்க. அப்புறம் என்னைத் திட்டிக்கங்க."

"ஏலே, எல்லாரும் மேல வாங்கடா! தங்கச்சி என்னமோ சொல்லுது!" என்று அவர் கத்தியது போனிலேயே கேட்டது.

பிறகு உட்கார்ந்தோம். என் வேலை வாழ்க்கையிலேயே நீளமான நேரம் அதுதான். தப்பாக இருந்துவிடக் கூடாதே என்று ஒரு பக்கம். சரியாக இருந்துவிடக் கூடாதே என்று இன்னொரு பக்கம். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. செல்வம் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தான்.

செய்தி வந்தது. கடமலைக்குண்டு என்ற பெயரில், நெஞ்சளவு.

"அக்கா, சுருளிதான்" என்றான். நான் உடனே அதிகாரிக்குச் சொன்னேன். அவர் மறு பேச்சுப் பேசாமல், "இப்பவே சொல்றேம்மா" என்று வைத்தார். அவருடைய ஆட்கள் சாவடிக்குப் போன் போட்டபோது அதை எடுக்க அங்கே யாரும் இல்லை. எல்லோரும் கூட்டத்தோடு நின்றார்கள். தண்ணீர் அதற்குள் வந்துவிட்டது.

செம்மண் நிறத்தில், மரக்கிளையும் கல்லுமாக வந்ததாம். சத்தம்தான் முதலில் வந்தது என்று நாகராஜ் பிறகு சொன்னார். சற்று முன்னால் சனம் நின்று குளித்த பாறை தெரியவே இல்லை. போனவை செருப்பும் துணியும் பாத்திரமும்தான். ஒரு பெண் மட்டும் மாமியாரின் பித்தளைச் செம்பை விட்டுவிட்டேன் என்று கயிற்றைத் தாண்டி ஓடியிருக்கிறாள். நாகராஜ் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்ததில் இருவரும் சேற்றில் விழுந்திருக்கிறார்கள். எழுந்து பார்த்தால் செம்பு இருந்த படியையும் சேர்த்துக் காணவில்லை.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். சூளையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஓடையில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்றார். பிறகு, "மொதல்ல எனக்குத்தான் போட்டியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. சுருளிக்கு."

அவர் சூளையில் யாருக்கோ குரல் கொடுத்துவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"சரிதான். அங்கனதான் சனம் சாஸ்தி" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் பேசவில்லை.

கூட்டம் போட்டு விசாரித்தார்கள். தன்னைக் கேட்காமல் நேரடியாகச் சாவடிக்கு ஏன் சொன்னீர்கள் என்று அந்த அதிகாரி கோபப்பட்டார். இன்னொரு நாள் வேறு யாராவது பாதி தெரிந்துகொண்டு கூட்டத்துக்குள் வெள்ளம் என்று கத்தினால் என்ன ஆகும் என்று கேட்டார். அன்று நல்லபடியாக முடிந்தது என்பதால் நான் செய்தது எப்போதும் சரி என்று ஆகிவிடாது. நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் பெட்டியைத் திருத்துவது நம் கையில் இருந்தது. அதில் எனக்கும் செல்வத்துக்கும் பெரிய சண்டையே நடந்தது. அவன் ஒரே பிடியாக நின்றான்.

"இனிமே சில்லு பதில் சொல்றவரைக்கும் கெர்னல் காத்திருக்கட்டும்க்கா. தன் பேரு தெரியாம வாயே தெறக்கக் கூடாது."

"அன்னைக்கு அப்படிக் காத்திருந்தா என்ன ஆயிருக்கும் செல்வம்? சுருளிப் பெட்டி பேசியே இருக்காது. நாமளும் கம்முன்னு இருந்திருப்போம்."

"பொய்ப் பேருல பேசுறதுக்கு அது தேவல."

"பொய்ப் பேரும் வேணாம், கம்முன்னும் இருக்க வேணாம். நான் யாருன்னு எனக்குத் தெரியலை, ஆனா தண்ணி ஏறுதுன்னு சொல்லட்டுமே."

செல்வம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டான். நீங்கள் இன்று பார்க்கும் அந்த ஒரு பக்கம் அப்படி வந்ததுதான். விற்றவர்களின் நிரலை யாரும் படிக்காமல் சேர்த்ததில் வந்த வினை என்பதால்தான் அதை மூன்று பேர் படிக்க வேண்டும் என்று வைத்தோம். எந்தப் பலகைக்கும் எந்தக் காலத்திலும் கொடுக்கப்படாத ஓர் எண்ணை ஒதுக்கி வைத்தோம். சில்லு பேசாவிட்டால் கெர்னல் அதை எடுத்துக்கொள்ளும். பின்னால் சில்லு கண் திறந்தால் தன் எண்ணுக்கு மாறிக்கொள்ளும். தேனித் திரையில் அந்த எண்ணில் வரும் செய்தி, எல்லா ஊருக்கும் மேலே, சிவப்பில், 'அடையாளம் தெரியவில்லை' என்று வரும். அதே திரையைக் கட்டுப்பாட்டு அறையிலும் வைத்தோம். அடையாளம் தெரியவில்லை என்று சொல்கிற கருவியை அரசாங்கத்தில் யார் வாங்குவார்கள் என்று எங்களில் சிலருக்கே சந்தேகம் இருந்தது. அதிகாரியிடம் நான் அதை விளக்கியபோது அவர் உம் என்று கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மதியம் நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அதே அதிகாரி.

"மேடம், மேல செவப்புல ஒண்ணு வருது. யாருன்னு தெரியலையாம். தண்ணி ஏறுதாம்."

ஈரக் கையோடு திரைக்கு ஓடினேன். "சார், ஒரு நிமிஷம் இருங்க, எந்தப் பெட்டின்னு பாத்துருறேன்."

"நீங்க பொறுமையாப் பாருங்கம்மா. நான் எல்லா ஓடையிலயும் சனத்தக் கரையேத்தச் சொல்லிட்டுத்தான் உங்களுக்குப் போன் போடுறேன்."